நாற்பது உபதேசியார்களும் ஒரு பிள்ளையின் காலும்

“மாப்ளே, இது மிஸ்ஸியம்மா சொல்லுதாவளா, இல்ல நீங்களாச் சேத்துச் சொல்லுதீயளா?”

முப்பது வருஷத்துக்கு மேல் மேடை மொழிபெயர்ப்பாளனாக நின்றிருக்கிறேன். பிஷப்மாருக்கு நின்றிருக்கிறேன், டாக்டர்மாருக்கு நின்றிருக்கிறேன், ஒரு தடவை மண்புழுவைப் பற்றிப் பேச வந்த விவசாய அதிகாரிக்கும் நின்றிருக்கிறேன். யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. கேட்டவர் என் மாமனார். கேட்ட இடம் குற்றாலத்தில் ஒரு பங்களாவின் நடு ஹால். சுற்றிலும் நாற்பது உபதேசியார்கள் பாயில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு மூன்று நாளாகத்தான், என் வாழ்க்கையிலேயே முதன்முதலாக, ஒரு சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் உள்ளது உள்ளபடி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இப்போது மேடை ஏறுகிற தம்பி தங்கைகள் மைக், ஸ்பீக்கர் எல்லாம் வைத்து சொகுசாக மொழிபெயர்க்கிறார்கள். நல்லது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. மசாலா

பகலில் தென்காசியில் ஒரு ஹைஸ்கூலில் நான் இங்கிலீஷ் வாத்தியார். அதுவும் டிரெயினிங் முடிக்காத வாத்தியார். மொழிபெயர்ப்பு என்பது சனி, ஞாயிறு, லீவு நாள் வேலை. வேலை இவ்வளவுதான்: பேச வந்தவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார், நான் அதைத் தமிழில் சொல்வேன், அவர் அடுத்ததுக்குப் போவார். ‘லைன் பை லைன்’ என்போம். பேச்சாளர் மறந்துபோய் நாலு வாக்கியத்தை ஒரே மூச்சில் ஓட்டிவிட்டால் ‘லைன் விட்டுப்போச்சு’ என்று அர்த்தம். அப்போது ஞாபகத்தில் நின்றதை வைத்து ஒப்பேற்ற வேண்டும்.

எனக்கு ஒப்பேற்றுவது கைவந்த கலை. லைன் விட்டுப்போகாவிட்டாலும் ஒப்பேற்றுவேன். அவர் ஆப்பிள் என்றால் நான் குற்றாலத்து மங்குஸ்தான் என்பேன். அவர் இரண்டு வாக்கியம் சொன்னால் நான் ஆறு சொல்வேன். ஒரு டாக்டர், லண்டனில் ஒரு தகப்பன் ரயிலைத் தவறவிட்டு மகனின் சாவுக்குப் போகமுடியாமல் போன கதையைச் சொன்னார். நான் அதைத் தென்காசி ஜங்ஷனுக்குக் கொண்டுவந்து, செங்கோட்டை பாசஞ்சரைச் சேர்த்து, தகப்பன் கையில் ஒரு பலாப்பழத்தையும் கொடுத்துவிட்டேன். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆனால் அந்தக் கூட்டத்தில் சிரித்தவர்களில் ஒருவர் உபதேசியார் வேதமுத்து. உபதேசியார் என்றால், ஐயர் வராத நாட்களில் ஜெபம் நடத்துவதும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதும் சண்டையை விலக்குவதும் அவர் வேலை. பாதிரியாரை எங்கள் சபையில் ஐயர் என்றுதான் சொல்வோம். வேதமுத்து உபதேசியார் வீட்டுக்குப் போய், “வாயுள்ள பிள்ளை பிழைக்கும். நம்ம கிருபைய இந்தப் பயலுக்குக் குடுத்தா என்ன?” என்றாராம். மசாலா போட்டதற்கு எனக்கு அவர் பெண்ணே கிடைத்தது. பிறகு யார் அதை விடுவார்கள்?

2. சாரல் வகுப்பு

ஐம்பதுகளின் கடைசிப் பக்கம். வருஷந்தோறும் சாரல் காலத்தில் உபதேசியார்மாருக்குக் குற்றாலத்தில் ஒரு வகுப்பு நடக்கும். வீரகேரளம்புதூரிலிருந்து, கடையநல்லூரிலிருந்து, திருவேங்கடத்துக் கரிசல்காட்டிலிருந்தெல்லாம் வருவார்கள். காலையில் எண்ணெய் தேய்த்து அருவியில் குளியல், பிறகு வயிறு நிறையச் சோறும் குழம்பும், அதற்குமேல் வகுப்பு. அருவியில் அடிபட்டு வந்த உடம்பும் சாரல் காற்றும் சேர்ந்தால் யாருக்குத்தான் கண் சொக்காது? அவர்களை விழிக்க வைப்பதற்கென்றே என்னைக் கூப்பிடுவார்கள்.

அந்த வருஷம் வகுப்பெடுக்க வந்தவர் ஒரு வெள்ளைக்கார அம்மா. கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஐம்பது வயது தாண்டியவர், கிரேக்கம், லத்தீன் எல்லாம் படித்தவர். எல்லோரும் அவரை மிஸ்ஸியம்மா என்றோம். தமிழ் அவருக்குக் காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான் வரும். குரலோ மெதுவான குரல். பங்களாவுக்குத் தகரக் கூரை. மழை வலுத்தால் அவர் சொல்வதை அவர் உதட்டைப் பார்த்துத்தான் நான் பிடிக்க வேண்டும்.

பாடம் என்ன தெரியுமா? ஆதிக் கிறிஸ்தவர்கள் பிள்ளைகளைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் என்னென்ன எழுதி வைத்தார்கள் என்பது. இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களுக்குப் பிறகு வந்த இருநூறு முந்நூறு வருஷத்து எழுத்துகள். உபதேசியார்மாருக்கு அப்படி எழுத்துகள் இருப்பதே புதுச் செய்தி.

“வேதாகமத்துக்குப் பெறகு நேரா நம்ம தாத்தா காலந்தான்னு நெனச்சேன். நடுவுலயும் ஆள் இருந்திருக்கு பாரும்!” என்றார் கடையநல்லூர்ப் பக்கத்து உபதேசியார் தாவீது. கூட்டத்தில் வாய் சும்மா இருக்காத மனிதர் அவர்தான்.

3. பஸ்ஸில் வந்த சேதி

முதல் பிரசவத்துக்கு என் மனைவி கிருபை அம்மா வீட்டில் இருந்தாள். தென்காசி ஊருக்குள் நுழைகிற இடத்திலேயே அந்த வீடு. குற்றாலத்திலிருந்து நடந்தே போய்விடலாம். மாமனாரும் நானும் வகுப்புக்காகக் குற்றாலத்தில் தங்கியிருந்தோம்.

வகுப்பின் இரண்டாம் நாள் காலை, பங்களா வாசலில் நின்று ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். தென்காசி பஸ் வந்து வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் என்னிடம் படித்த பையன். படியில் தொங்கியபடியே கத்தினான்.

“சார்வாள்! பொம்பளப் புள்ள! தாயும் புள்ளையும் சொகமா இருக்காவ! ஒங்க அத்தை சொல்லச் சொன்னாவ!”

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாக எட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அறிமுகமில்லாத ஒரு வியாபாரி கையை அசைத்து, “மகராசியா இருக்கட்டும்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. துண்டோடு அந்த பஸ்ஸிலேயே ஏறப் போனேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்தது.

“எங்க மாப்ளே?”

“பிள்ளையப் பாக்க மாமா.”

“பதினாறு கழியட்டும்.”

என் மாமனார் கெட்டவர் இல்லை. தங்கமான மனிதர். அவர்கள் குடும்பம் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியிருந்தது. நல்ல நேரம், கெட்ட நேரம், சகுனம் எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள். பிள்ளை பெற்ற தீட்டை மட்டும் யாரும் விடச் சொல்லவில்லை, அவர்களும் விடவில்லை. பதினாறு நாள் கழிந்து, வீடு கழுவி, எல்லோரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் ஆண்கள் பிள்ளையைப் பார்க்கலாம், தொடலாம். தகப்பனும் ஆண்தான்.

“எங்க அப்பா என்னயப் பதினாறு கழிச்சுத்தான் பாத்தாரு. நான் கிருபையப் பதினாறு கழிச்சுத்தான் தொட்டேன். என்ன கொறஞ்சு போச்சு?” என்றார் மாமனார்.

“மாமா, வகுப்பு முடிஞ்ச மறுநாள் நான் மதராஸ் போகணும்லா.”

இதுதான் என் பாடு. பி.டி. படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. அந்த டிரெயினிங்கை முடித்தால்தான் வேலை நிரந்தரம். ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. பதினாறு கழிவதற்குள் நான் ரயில் ஏறியாக வேண்டும். ஏறினால் திரும்பி வருவது கிறிஸ்மஸ் லீவுக்குத்தான்.

மாமனார் கொஞ்சம் யோசித்தார். “கிறிஸ்மஸுக்குன்னா புள்ளைக்குக் கழுத்து நின்னு, கொழுகொழுன்னு சிரிக்கும். தூக்கவும் சொகமா இருக்கும்” என்று ஆறுதல் சொன்னார். கண்டக்டர் விசில் ஊதினான். பஸ் போய்விட்டது.

மீறிப் போயிருக்கலாமே என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பீர்கள். பெண் எடுத்த வீட்டில், அதுவும் முதல் பிள்ளைக்கு, மாமனார் சொல்லைத் தாண்டிப் படியேறிய மாப்பிள்ளையைத் தென்காசியில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. நான் முதல் ஆளாக இருக்க எனக்குத் தைரியம் இல்லை.

4. குனிந்து தூக்குகிறவன் தகப்பன்

அன்று மத்தியானம் மிஸ்ஸியம்மா பேசினார். ஆதிக் கிறிஸ்தவர்கள் வாழ்ந்த ரோம ராஜ்யத்துப் பட்டணங்களில், பிள்ளை பிறந்ததும் அதை வளர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது தகப்பன் கையில் இருந்தது. அவன் குனிந்து தூக்கினால் அது அவன் பிள்ளை என்று சொல்வார்களாம். வேண்டாம் என்று அவன் விட்டுவிட்டால், குப்பைமேட்டிலோ தெருவோரத்திலோ கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பெண்பிள்ளைகள்தான் அதிகம் அப்படிப் போனார்கள். கிறிஸ்தவர்கள் அதைப் பாவம் என்று எழுதினார்கள். எங்களுக்குள் அந்தப் பழக்கம் கிடையாது என்று பெருமையாகவும் எழுதினார்கள்.

ஒவ்வொரு வரியாக நான் தமிழில் சொன்னேன். தகப்பன் குனிந்து தூக்கினால் என்று சொல்லும்போது என் கண் வாசல் பக்கம் போனது. என் பிள்ளை மூன்று மைலில் படுத்திருக்கிறது, நான் குனியவில்லை. மசாலா போட எனக்குத் தெம்பில்லை. அவர் ஒரு வாக்கியம் சொன்னால் நானும் ஒன்றே சொன்னேன்.

வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் தாவீது என் பக்கத்தில் வந்தார். “சார்வாளுக்கு ஒடம்புக்கு முடியலயா? ஒரு பலாப்பழம்கூட வரலியே இன்னைக்கு!”

சிரித்துச் சமாளித்தேன்.

மறுநாள் வேறு விதமான எழுத்துகள். குடும்பத்தை விட்டு வனாந்தரத்துக்குப் போய்த் தனியாக ஜெபித்தவர்களைப் புகழ்ந்து எழுதியவர்களும் உண்டு, கல்யாணம் செய்யாமல் இருப்பதே உயர்ந்தது என்றவர்களும் உண்டு என்று மிஸ்ஸியம்மா சொன்னார். தாவீது கை தூக்கினார்.

“நாங்களும் பெண்டாட்டி புள்ளைய விட்டுட்டு வனாந்தரத்துக்கு வந்துதான் இருக்கோம்னு அம்மாட்ட சொல்லுங்க. அருவியும் இருக்கு, சாப்பாடும் நல்லாருக்கு. எங்களையும் யாராச்சும் புகழ்ந்து எழுதுவாவளா?”

அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். மிஸ்ஸியம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அப்புறம், தகப்பன்மார் பிள்ளைகளுக்கு எரிச்சல் மூட்டி மனம் சோர வைக்கக் கூடாது என்று அந்தக் காலத்திலேயே சொல்லப்பட்டதை விளக்கினார். அப்போது மட்டும் எல்லோரும் குனிந்து பாயைப் பார்த்தார்கள். நாற்பது பேர் வீட்டிலும் பிரம்பு இருந்தது.

5. உள்ளது உள்ளபடி

நாலாவது நாள்தான் அந்தப் பாடம் வந்தது.

ஆப்பிரிக்காவின் வடகரையில் ஒரு பெரிய பட்டணம். அங்கே இருந்த ஆயருக்கு, அதாவது பிஷப்புக்கு, இன்னொரு ஊர் ஆயர் ஒரு சந்தேகம் கேட்டு எழுதியிருக்கிறார். பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா? அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் கொடுத்ததும் சமாதானத்தின் அடையாளமாக முத்தம் கொடுப்பது வழக்கம். பச்சைப் பிள்ளையின் கால் இன்னும் சுத்தமாகவில்லையே, அதை முத்தமிட நமக்கு அருவருப்பாக இருக்கிறதே என்று அவர் எழுதியிருந்தார்.

நான் இதைத் தமிழில் சொன்னதும், பாயில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ரோமாபுரியும் வனாந்தரமும் அவர்களுக்குத் தூரத்துச் சேதி. இது அவரவர் வீட்டுச் சேதி.

மிஸ்ஸியம்மா தொடர்ந்தார். ஆயர்கள் அறுபது பேருக்கு மேல் கூடி இதைப் பேசினார்கள். பேசிவிட்டு அவருக்குப் பதில் எழுதினார்கள். பிறந்த பிள்ளையிடம் அருவருக்க எதுவும் இல்லை. அது கடவுளின் கையிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறது. அதை முத்தமிடுகிறவன் கடவுளின் கையையே முத்தமிடுகிறதாக நினைக்கட்டும். அந்தப் பதிலின் கருத்து இதுதான்.

இதை மாமனாரைப் பார்த்தே சொன்னேன். மறைக்கவில்லை. மறைக்கவும் முடியவில்லை.

அப்போதுதான் என் மாமனார் எழுந்து நின்று அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“மாப்ளே, இது மிஸ்ஸியம்மா சொல்லுதாவளா, இல்ல நீங்களாச் சேத்துச் சொல்லுதீயளா? ஏன் கேக்கேன்னா, நேத்து முந்தாநாளுதான் நமக்குள்ள இந்தப் பேச்சு நடந்தது. இன்னைக்கு அதே பேச்சு ஆப்பிரிக்காவுல நடந்துச்சுங்கீய. பொருத்தம் ரொம்பப் பொருத்தமா இருக்கே!”

ஹாலில் ஒரே சிரிப்பு. எனக்குக் காது சுட்டது. என்ன சொல்லி நம்பவைப்பேன்? ஹாலில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இரண்டே பேர், மிஸ்ஸியம்மாவும் நானும். நான் என்ன சத்தியம் செய்தாலும் அதையும் மசாலாவில் சேர்ப்பார்கள். இத்தனை வருஷம் கைதட்டல் வாங்கியதற்கு வட்டியும் முதலுமாக வந்து நின்றது.

மிஸ்ஸியம்மா என்ன என்று கேட்டார். மேடையில் நிற்பவன் தன் சொந்தக் கதையைப் பேசக் கூடாது என்பது தொழிலின் முதல் விதி. ஆனால் கேள்வியை அவருக்கு மொழிபெயர்க்காமல் விடவும் கூடாது. சொன்னேன்.

“நீங்களாகச் சேர்த்ததாக இவர் ஏன் நினைக்கிறார்?” என்று கேட்டார்.

“இவர் என் மாமனார். எனக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. பதினாறு நாள் கழியாமல் நான் பார்க்கக் கூடாது. அதற்குள் நான் மதராஸ் போய்விடுவேன்.”

கூட்டம் பொறுக்கவில்லை.

“என்ன வே பேசுதீய ரெண்டு பேரும்? எங்களுக்கும் சொல்லும்!” என்றார் தாவீது.

அதையும் சொன்னேன். என் வீட்டு விஷயம் நாற்பது பேருக்கும் தெரிந்தது. மாமனார் முகம் இறுகியது. இனிமேல் கிறிஸ்மஸ்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மிஸ்ஸியம்மா என் மாமனாரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். நான் மொழிபெயர்த்தேன். “சந்தேகம் கேட்ட அந்த ஆயரை யாரும் திட்டவில்லை. அவரும் கடவுளுக்குப் பயந்தவர்தான். சுத்தமில்லாததைத் தொட்ட கையோடு பரிசுத்தமானதைத் தொடக் கூடாது என்று கவலைப்பட்டவர். அதனால்தான் அத்தனை பேர் உட்கார்ந்து அவருக்கு மரியாதையாகப் பதில் எழுதினார்கள்.”

“அறுவது பிஷப்மார் கூடி ஒரு புள்ளையோட காலப் பத்திப் பேசினாவளா?” என்று தாவீது வாயைப் பிளந்தார். “நம்ம கமிட்டியில கூரைக்கு ஓடு மாத்துறதத் தவிர வேற எதப் பேசுதோம்?”

மாமனார் சிரிக்கவில்லை. நின்றபடியே யோசித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அப்பவே என்னைய மாதிரி ஒரு மனுசன் இருந்திருக்காரு. சரி. அந்தக் கடுதாசி கைக்குக் கெடச்ச பெறகு அவரு என்ன செஞ்சாரு? புள்ளைய முத்தினாரா? அதக் கேளுங்க.”

கேட்டேன். மிஸ்ஸியம்மா தலையை ஆட்டினார். “தெரியாது. அவர் என்ன செய்தார் என்று எங்கும் எழுதப்படவில்லை.”

நான் திரும்பி, “தெரியாதாம் மாமா. எங்கயும் எழுதி வைக்கலயாம்” என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு விநாடி எனக்கு நாக்கு ஊறியது. ‘முத்தமிட்டார், கண்ணீர் வடித்தார், ஊரைக் கூட்டி விருந்து வைத்தார்’ என்று சொல்ல எனக்கு என்ன செலவு? என் மகள் என் கைக்கு வந்திருப்பாள். ஏனோ வாய் வரவில்லை. இரண்டு நாளாக அந்த எழுத்துகள் என்னை அப்படி ஆக்கி வைத்திருந்தன.

“தெரியாதுன்னா சொன்னாவ?”

“தெரியாதுன்னுதான் சொன்னாவ.”

மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

“அப்ப இது அவிய சொன்னதுதான். நீங்களாச் சொல்லிருந்தா, முத்துனாரு, அழுதாரு, ஞானஸ்நானத்துக்குப் பலாப்பழம் கொண்டாந்தாருன்னு முடிச்சிருப்பீய. கதைய அந்தரத்துல விடுறதுக்கு ஒங்களுக்கு மனசு வராது மாப்ளே. எனக்குத் தெரியாதா ஒங்கள!”

ஹால் அதிர்ந்தது. நானும் சிரித்தேன். அவமானமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் மனிதன் அழுதுகொண்டே சிரிப்பான் என்பதை அன்றுதான் கண்டேன்.

6. மேலகரம் வழியாக

மாமனார் சுவரில் சாத்தியிருந்த குடையை எடுத்தார். “வாங்க மாப்ளே” என்றார். அவ்வளவுதான். வகுப்பு இன்னும் முடியவில்லை. நான் மிஸ்ஸியம்மாவைப் பார்த்தேன். அவரும் தன் குடையை எடுத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் தெளிவாகக் கேட்டார்: “குழந்தை எங்கே?”

பிறகு யாரை நிறுத்துவது? நாற்பது பேரும் எழுந்துவிட்டார்கள். எல்லோரும் ஏற ஒரு பஸ்ஸில் இடம் போதாது என்று நடந்தோம். சாரல் பூப்பூவாக விழுந்துகொண்டிருந்தது. கீர்த்தனை பாடிக்கொண்டு மேலகரம் வழியாகத் தென்காசி ரோட்டில் போனோம். வழியில் நெசவு மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளி வந்த ஒரு பாய், “என்ன விசேஷம்? கல்யாணமா?” என்று கேட்டார். “புள்ள பாக்கப் போறோம் பாய்!” என்றார் தாவீது. “இத்தன பேரா?” என்று அவர் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டார்.

வீட்டு வாசலில் அத்தை வந்து நின்றார். தெரு முழுக்க வேட்டியும் குடையுமாக நிற்பதைப் பார்த்துத் திகைத்துப்போய்விட்டார்.

“ஏட்டி, வழிய விடு. மாப்ள புள்ளையப் பாக்கணும்” என்றார் மாமனார்.

“பதினாறு கழியலயே?”

“அது பரவால்ல. ஆப்பிரிக்காவுலயே தீத்து வச்சிட்டாவளாம்.”

அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “தீட்டு தீட்டுன்னு ஊருக்கு முந்திச் சொன்னது யாரு? நீங்கதான. நானா சொன்னேன்? பொறந்த அன்னைக்கே பக்கத்து வீட்டு மைமூன் வந்து மூணு தடவ முத்திட்டுப் போயாச்சு. எதுத்த வீட்டுக்காரி மடியிலதான் புள்ள நேத்து பூரா ஒறங்குச்சு. இந்த வீட்டுல புள்ளையத் தொடாம இருக்கது நீங்க ரெண்டு ஆம்பளையளுந்தான்!”

மூன்று தலைமுறையாக அவர்கள் வீட்டு ஆண்கள் காத்து வந்த தீட்டை, பெண்கள் ஒரு தலைமுறையிலும் காக்கவில்லை என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

மிஸ்ஸியம்மாவையும் எங்கள் இருவரையும் மட்டும் உள்ளே விட்டார் அத்தை. கிருபை பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பழைய சேலையை மடித்துப் போட்டு அதில் பிள்ளை. என்னைப் பார்த்ததும் கிருபை, “வர மாட்டீயளோன்னு நெனச்சேன்” என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. நான் குனிந்தேன். எனக்குப் பிள்ளை தூக்கத் தெரியாது. கை எங்கே போகவேண்டும், தலை எங்கே இருக்கவேண்டும் என்று கிருபைதான் சொல்லிக்கொடுத்தாள். தூக்கினேன். இரண்டு படி அரிசி கனம்கூட இல்லை. அதற்குமேல் என்ன எழுத? அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மாமனார் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தார். துணியை விலக்கி, பிள்ளையின் காலைத் தன் கையில் எடுத்தார். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத பாதம். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முத்தமிட்டார். பிள்ளை உதைத்தது. உதை மீசையில் விழுந்தது.

அவர் நிமிர்ந்தபோது கன்னம் ஈரமாக இருந்தது. மிஸ்ஸியம்மாவைப் பார்த்துத் தமிழிலேயே பேசினார். “அம்மா, அந்த ஆப்பிரிக்கா ஐயர் முத்தினாரோ இல்லையோ. தென்காசியில வேதமுத்துன்னு ஒருத்தன் முத்திட்டான். இத எங்கயாச்சும் எழுதி வைங்க.”

மிஸ்ஸியம்மா என்னைப் பார்த்தார். நான் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டே, ஒரு சொல் கூட்டாமல் அவருக்குச் சொன்னேன்.

வெளியே நின்ற உபதேசியார்மார் ஒவ்வொருவராக ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார்கள். அத்தை கருப்பட்டிக் காப்பி போட்டு, வீட்டில் டம்ளர் போதாமல் மைமூன் வீட்டிலும் வாங்கி, எல்லோருக்கும் கொடுத்தார். மறுநாள் வகுப்பில் பாதிப்பேருக்கு ஜலதோஷம்.

7. கற்றது

குறித்த நாளில் ரயில் ஏறினேன். பி.டி. முடித்தேன். வேலை நிரந்தரமானது. மகளுக்குப் பின் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களைப் பிறந்த அன்றே தூக்கினேன். தூக்கச் சொல்லி அவசரப்படுத்தியவர் மாமனார்தான்.

அதன்பிறகு மேடையில் நான் மசாலா போடுவதைக் குறைத்துக்கொண்டேன். சுத்தமாக விட்டுவிட்டேன் என்று சொன்னால் தாவீது உபதேசியாரின் ஆவி என்னைச் சும்மா விடாது. கதைக்கு உள்ளூர்ப் பேர் வைப்பேன். மழைக்குச் சாரல் என்பேன். ஆனால் பேச்சாளர் தெரியாது என்ற இடத்தில் நானும் தெரியாது என்பேன். அவர் பாதியில் விட்டதை நான் முடித்து வைக்க மாட்டேன். கூட்டம் என் முகத்தையே பார்க்கும், இன்னும் ஒரு வரி வராதா என்று ஏங்கும். ஏங்கட்டும். நீங்கள் நிரப்பாமல் விட்ட இடத்தை வைத்துத்தான் நீங்கள் நிரப்பிய இடத்தை ஜனம் நம்பும்.

என் மாமனார் அப்படித்தான் நம்பினார். அந்தத் ‘தெரியாது’ இல்லையென்றால் என் மகளை நான் கிறிஸ்மஸுக்குத்தான் தூக்கியிருப்பேன்.